கிளிஞ்சல், கயிறு, கோரை: விருந்தினர் அறைக்கு நம் கரையின் சாயல்

விருந்தினர் அறைக்குக் கடலோரச் சாயல் கொடுக்க வேண்டும் என்று சொன்னவுடன், கடைக்காரர்கள் நங்கூரம் அச்சிட்ட தலையணை உறையையும், சிவப்பு வெள்ளைப் பட்டை பூசிய கலங்கரை விளக்கப் பொம்மையையும், கண்ணைப் பறிக்கும் பச்சைநீலச் சாயத்தையும் எடுத்து முன்னால் வைத்துவிடுகிறார்கள். இவை எங்கோ அட்லாண்டிக் கரையில் இருக்கும் ஊர்களின் சாயல்கள். பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி வரை நடந்து போகிறவர் பார்ப்பது பனையையும் தாழம்புதரையும் உப்பளங்களையும் கரையேற்றிவைத்த படகுகளின் அழுத்தமான மஞ்சளையும் சிவப்பையும்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் கடலின் படங்களை ஒட்டுவதைப் பற்றிப் பேசப்போவதில்லை. கரையில் உண்மையாகவே புழங்கும் சுண்ணாம்பு, கயிறு, பாய், ஓலை, கிளிஞ்சல் ஆகியவற்றைக் கொண்டு பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவுள்ள ஓர் அறையை நம் கையாலேயே எப்படி அமைப்பது என்பதைத்தான் எழுதுகிறேன். வார இறுதிகளில் மட்டும் வேலை செய்தாலும் ஒன்றரை மாதத்தில் முடித்துவிடலாம்.

முதலில் நிறத்தை முடிவுசெய்துகொள்ளுங்கள். வங்காள விரிகுடா நம் கரையோரத்தில் வருடத்தின் பெரும்பகுதி சாம்பல் கலந்த பச்சையாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் ஆற்று முகத்துவாரங்களுக்கு அருகே செம்மண் நிறம்கூடக் காட்டும். அந்த மங்கிய பச்சை அல்லது நீலம் ஒன்று, உப்பின் வெள்ளை ஒன்று, மணலும் கோரையும் தரும் வெளிர் பழுப்பு ஒன்று என மூன்றே நிறங்களில் அறையை அடக்கிவிட்டு, படகுகளின் மஞ்சளையோ சிவப்பையோ ஒரே ஒரு பொருளில் மட்டும் வையுங்கள். நான் பழைய மர முக்காலி ஒன்றை உப்புத்தாளால் தேய்த்து, காகித ஒட்டுநாடாவால் பட்டை பிரித்து, மஞ்சளும் நீலமும் எனாமலில் பூசிக் கட்டில் அருகே போட்டிருக்கிறேன். அறைக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். அதைப்போல இரண்டாவது ஒன்றைச் செய்திருந்தால் இரண்டையுமே யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

சுவர்: கிளிஞ்சல் சுண்ணாம்பு

அறையின் தோற்றத்தில் பாதியைச் சுவரே தீர்மானிக்கிறது என்பதால், நேரத்தையும் உழைப்பையும் இங்கே தாராளமாகச் செலவிடலாம். கடற்கரை ஊர்களில் சிப்பியையும் கிளிஞ்சலையும் சுட்டு எடுத்த சுண்ணாம்பைத்தான் ஒரு காலத்தில் சுவருக்குப் பூசினார்கள். செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவர்களிலும் இந்தக் கிளிஞ்சல் சுண்ணாம்பு உண்டு. பிளாஸ்டிக் கலந்த எமல்ஷன் வண்ணம் ஒரு சவ்வைப் போலச் சுவரை மூடிவிடும். அடியிலிருந்து ஈரம் ஏறும் கடலோர வீடுகளில் அந்தச் சவ்வு கொப்புளித்து, உப்புப் பூத்து, உரிந்து விழும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். அதன் மேற்பரப்பில் தெரியும் மெல்லிய மேகப்படலம் போன்ற ஏற்ற இறக்கத்தை எந்த டப்பா வண்ணத்தாலும் தர முடியாது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஏற்கெனவே எமல்ஷன் பூசிய சுவரின் மேல் சுண்ணாம்பு ஒட்டாது. எனக்கிருந்த அவசரத்தில் இதைப் பொருட்படுத்தாமல் ஒரு பக்கச் சுவரில் நேராக அடித்துப் பார்த்தேன்; இரண்டே மாதத்தில் விரல் பட்ட இடமெல்லாம் பொரிந்து வந்தது. பழைய வண்ணத்தைச் சுரண்டி, சொரசொரப்பான உப்புத்தாளால் தேய்த்து, சிமெண்டுப் பூச்சோ பழைய சுண்ணாம்புப் பூச்சோ வெளியே தெரியும் வரை கொண்டுவந்த பிறகே தொடங்க வேண்டும். மிகப் பழைய எண்ணெய் வண்ணமாக இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். ஆகையால் உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்ப்பதும், முகமூடி அணிவதும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல் இருப்பதும் அவசியம்.

சுடப்பட்ட சுண்ணாம்பை வாங்கினால், பாத்திரத்தில் முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டு அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் வாளியைத் தவிர்த்து, இரும்புப் பீப்பாயிலோ சிமெண்டுத் தொட்டியிலோ நீற்றுங்கள். இதெல்லாம் பழக்கமில்லை என்றால் நீற்றிய சுண்ணாம்பையே வாங்கிவிடுவது நல்லது. எதுவானாலும் நீரில் கரைத்துச் சில நாள் ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, பால் பதத்திற்குக் கொண்டுவாருங்கள். கையில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதில் சிறிதளவு கோந்துக் கரைசல் சேர்ப்பதுண்டு.

துணிக்குப் போடும் நீலம் ஒரு சிட்டிகை சேர்த்தால் வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியும். கூடுதலாகச் சேர்த்தால் கடலோரக் காலைவானத்தின் நிறம் கிடைக்கும். எந்த நிறப்பொடியானாலும் சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் பூச்சு வலுவிழக்கும். ஈரமாக இருக்கும்போது தெரிகிற நிறம் பொய். உலர்ந்த பிறகு அது பல மடங்கு வெளுத்துவிடும் என்பதால், ஒரு சிமெண்டுப் பலகையிலோ அலமாரிக்குப் பின்னால் வரும் சுவரிலோ ஒரு கை அகலத்திற்குப் பூசி ஓர் இரவு காயவிட்டுப் பார்த்த பிறகே மொத்தமாகக் கரையுங்கள். ஒரு சுவருக்குத் தேவையானது முழுவதையும் ஒரே தடவையில் கரைத்துக்கொள்வதும் முக்கியம். மறுநாள் கரைப்பது அதே நிறத்தில் வரவே வராது.

பூசுவதற்கு முன் சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, மெல்லியதாக மூன்று பூச்சு கொடுங்கள். முதல் பூச்சு ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. மனம் தளர்ந்து கெட்டியாக அடித்துவிடாதீர்கள், கெட்டிப் பூச்சு வெடிக்கும். தாழம் விழுதை நசுக்கிச் செய்த பழைய மட்டை கிடைத்தால் அதையே பயன்படுத்தலாம். நைலான் தூரிகை விடாத கோடுகளை அது விடும், அந்தக் கோடுகள்தான் அழகு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கிக் கல்லாக இறுகுவதால், பூச்சுக்குப் பூச்சு ஒரு நாளாவது இடைவெளி விட வேண்டும்.

கட்டிலின் தலைமாட்டுக்குப் பத்தமடைப் பாய்

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் தாமிரபரணிக் கரையின் கோரையால் நெய்யும் பாய்கள் தரைக்கு மட்டும் உரியவை அல்ல. அவற்றில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கட்டிலின் தலைமாட்டுப் பலகையாக ஆக்கினால், அறையின் நடுநாயகம் தயாராகிவிடும். ஆறு அடிக்கு மூன்று அடிப் பாய் ஒன்றும், ஐந்து அடி நான்கு அங்குல நீளமும் இரண்டு அடி நான்கு அங்குல உயரமும் கொண்ட ஒன்பது மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றும் வேண்டும். இந்தக் கணக்கில் நான்கு பக்கமும் நான்கு அங்குலம் பின்னால் மடிக்கக் கிடைக்கும். ஐந்து அடிக் கட்டிலுக்கு இது சரியாக இருக்கும். பாயைக் கத்தரிக்க நினைக்காதீர்கள், ஓரம் பிரிந்து பிரிந்து வந்துகொண்டே இருக்கும்.

பாயைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தால், கோரை அகலவாக்கிலும் பாவுநூல் நீளவாக்கிலும் ஓடுவது தெரியும். எனவே குறுகிய இரண்டு முனைகளை மடிக்கும்போது நூல் மட்டுமே வளைவதால் அவை எளிதில் மடங்கும். நீண்ட ஓரங்களை மடிக்கும்போதுதான் கோரையே வளைகிறது. உலர்ந்த கோரை அங்கே முறிந்து வெள்ளை வெள்ளையாகப் பல்லைக் காட்டும். மடிப்பு வரும் கோட்டில் ஈரத்துணியைப் பதினைந்து நிமிடம் போட்டு வைத்து, இளகிய பிறகு மெதுவாக மடியுங்கள். நடுவிலிருந்து தொடங்கி இரு ஓரங்களை நோக்கி, எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி ஸ்டேப்ளர் கன்னால் அடித்துக்கொண்டு போனால் சுருக்கம் விழாது. மூலைகளில் அடுக்கு கூடித் தடித்துவிடும். அங்கே ஸ்டேப்பிளுக்குப் பதிலாகச் சிறு ஆணி நல்லது. அடித்து முடித்த பலகையை நிழலில் முழுக்கக் காயவிட்ட பிறகே மாட்ட வேண்டும்.

சுவரோடு ஒட்ட வைத்து மாட்டாமல், பலகையின் பின்னால் நான்கு மூலைகளிலும் இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள மரக்கட்டைகளை வைத்து இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் காற்று ஓடவில்லை என்றால் முதல் மழைக்காலத்திலேயே கோரையில் பூஞ்சை பிடித்துவிடும். தூங்குகிறவர் தலைக்கு மேல் இருக்கும் பாரம் என்பதால் ஆணியை நம்ப வேண்டாம். டிரில்லிங் மெஷினால் துளையிட்டு, பிளாஸ்டிக் கிட்டி வைத்து, ரசமட்டம் பிடித்து, நான்கு இடங்களில் திருகாணி போடுங்கள். திருகாணியும் கொக்கியும் எவர்சில்வரிலோ பித்தளையிலோ இருக்கட்டும். கடற்காற்று படும் வீட்டில் சாதாரண இரும்பு ஒரே வருடத்தில் துருப்பிடித்து, சுண்ணாம்புச் சுவரில் பழுப்புக் கண்ணீராக வடியும்.

கயிறு சுற்றிய கண்ணாடி

முப்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கண்ணாடி ஒன்றை, நாற்பது சென்டிமீட்டர் வட்டமாக அறுத்த பிளைவுட்டின் நடுவில் ஒட்டிவிட்டு, மிச்சமிருக்கும் ஐந்து சென்டிமீட்டர் விளிம்பில் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றி ஒட்டுவதுதான் வேலை. எவ்வளவு கயிறு வேண்டும் என்பதைக் கடைக்குப் போவதற்கு முன்பே கணக்கிடலாம். கயிறு ஒரு சென்டிமீட்டர் தடிமன் என்றால் ஐந்து சுற்று வரும். சராசரிச் சுற்று முப்பத்தைந்து சென்டிமீட்டர் விட்டம், அதன் சுற்றளவு நூற்றுப்பத்து, ஐந்து சுற்றுக்கு ஐந்தரை மீட்டர். ஆறு மீட்டராக வாங்கிக்கொள்ளுங்கள்.

கயிற்றை அறுப்பதற்கு முன் அறுக்கப்போகும் இடத்தில் நூலால் இறுகச் சுற்றிக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் புரி பிரிந்துவிடும். குளூ கன் வசதியாகத் தோன்றினாலும், மேற்குச் சுவரில் மாட்டினால் சித்திரை வெயிலில் அந்தப் பசை இளகும். வெள்ளை மரப்பசையைத் தடவி, ஒவ்வொரு சுற்றையும் முந்தையதோடு நெருக்கி வைத்து, மேலே ஒரு பலகையும் அதன்மேல் அம்மிக்குழவியும் வைத்து ஓர் இரவு விட்டுவிட்டால் போதும். கடைசி முனையைச் சாய்வாக அறுத்து அடியில் செருகினால் எங்கே முடிகிறது என்றே தெரியாது. துருத்திக்கொண்டிருக்கும் நார்களைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள்.

இதே கயிற்றைப் பழைய விளக்குக் கூண்டின் மேல் சுற்றினால் படிக்கும் விளக்கும் ஆகிவிடும். நார் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அதற்குள் சூடேறாத சிறு எல்இடி பல்பு மட்டுமே போட வேண்டும்.

கிளிஞ்சல்கள்

பொறுக்குவதற்கு முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் பவளம், கடற்குதிரை, கடல் அட்டை, சில வகைச் சங்கு சிப்பிகள் ஆகியவை 2001ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. ஆகவே, அறையில் ஒரு துண்டு பவளம் இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசையைக் கைவிட்டுவிடுங்கள். கடைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் வாங்க வேண்டாம். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் தீவுகளிலிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது. சாதாரணக் கடற்கரையில் அலை ஒதுக்கிய வெறும் மட்டிக் கிளிஞ்சல்கள் ஒரு பை நிறையவே கிடைக்கும். அலங்காரத்திற்கு அவை போதும். சுருள் வடிவச் சங்கு எதையேனும் எடுத்தால் உள்ளே துறவி நண்டு குடியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

கொண்டுவந்தவற்றை இரண்டு நாள் நல்ல தண்ணீரில், அவ்வப்போது நீரை மாற்றி ஊறவைத்து உப்பை நீக்குங்கள். உப்பு தங்கினால் அது காற்றின் ஈரத்தை இழுத்து, கிளிஞ்சலை எப்போதும் பிசுபிசுப்பாக வைத்திருக்கும். நாற்றம் போகவில்லை என்றால் தண்ணீர் நிறையக் கலந்த பிளீச்சிங் கரைசலில் சிறிது நேரம் போட்டு அலசலாம். எலுமிச்சையும் வினிகரும் வேண்டவே வேண்டாம். கிளிஞ்சல் என்பது சுண்ணாம்புப் பொருள், அமிலம் அதைக் கரைத்துப் பளபளப்பை அழித்துவிடும்.

சன்னல் ஓரத்தில் தொங்கவிடச் சரம் கோக்க வேண்டுமானால், பொறுக்கும்போதே கூர்ந்து பாருங்கள்: சில கிளிஞ்சல்களின் முதுகில், பொற்கொல்லர் துளைத்தது போல வட்டமாக, விளிம்பு சரிந்த ஒரு சிறு துளை இருக்கும். நிலா நத்தை என்னும் கடல்நத்தை உள்ளிருந்த மட்டியை உண்பதற்காக இட்ட துளை அது. அவற்றைத் தனியாக எடுத்து வைத்தால் நம் வேலையில் பாதி முடிந்தது. துளை இல்லாதவற்றுக்கு டிரில் தேவையில்லை. கிளிஞ்சலின் மேடான கூம்பு முனையைச் சொரசொரப்பான கல்லில் தண்ணீர் விட்டுச் சந்தனம் அரைப்பது போல அரைத்தால், சில நிமிடங்களில் முனை தேய்ந்து துளை விழும். உலர்வாக அரைத்தால் எழும் தூள் நெஞ்சுக்கு ஆகாது. பருத்தி நூல் இற்றுப்போகும். மெழுகு தடவிய நைலான் நூலில், ஒவ்வொரு கிளிஞ்சலுக்கும் மேலும் கீழும் முடிச்சிட்டு, விரற்கடை இடைவெளியில் கோத்துவிடுங்கள்.

நூலில் ஒரு கடற்கரை

சுவரில் மாட்டுவதற்குப் படம் வாங்குவதைவிட, நம் கரையையே ஆணியும் நூலும் கொண்டு வரைவது மனநிறைவான வேலை. தமிழகக் கரை வடக்கிலிருந்து தெற்காக ஏறக்குறைய அறுநூறு கிலோமீட்டரும், கிழக்கு மேற்காக முந்நூறு கிலோமீட்டரும் பரவியிருப்பதால், நான்கு அடி உயரமும் இரண்டு அடி அகலமும் கொண்ட பலகையில், ஆறு கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில் அது அழகாக அடங்கும். பழைய படகுப் பலகை கிடைத்தால் சிறப்பு. ஆனால் அதில் கப்பல் புழு துளைத்த கூடுகளும் துருப்பிடித்த ஆணிகளும் இருக்கும். ஆணிகளைப் பிடுங்கி, சில நாள் நல்ல வெயிலில் காயப்போட்டு, பூச்சி மருந்து அடித்த பிறகே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

வரைபடத்தை அந்த அளவுக்குப் பெரிதாக்கி நகலெடுத்து, பலகைமேல் ஒட்டுநாடாவால் பொருத்தி, கரைக்கோட்டின் மேல் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் பித்தளை ஆணிகளை அரைவாசி ஆழத்திற்கு அடியுங்கள். எண்பது தொண்ணூறு ஆணி பிடிக்கும். பழவேற்காட்டிலிருந்து கோடியக்கரையின் மூக்கு வரை வேலை வேகமாக ஓடும். அங்கிருந்து பாக் நீரிணையின் உள்வளைவிலும், தனுஷ்கோடி வரை நீளும் இராமேசுவரத்தின் நாக்கிலும் கோடு நெளிவதால், அந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு ஓர் ஆணி என நெருக்கி அடிக்காவிட்டால் வடிவமே போய்விடும். அதன் பிறகு தூத்துக்குடி, மணப்பாடு வழியாகக் குமரி வரை இறங்கிவிடலாம். காகிதத்தைக் கிழித்தெடுத்துவிட்டு, நீல நூலை ஆணிக்கு ஆணி சுற்றி இறுக்கிக்கொண்டே போய்த் திரும்பி வந்தால் கரை தெரியும். விருந்தினரின் ஊர் கரையில் இருந்தால் அந்த ஆணியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வையுங்கள். பேச்சு அங்கிருந்தே தொடங்கும்.

துணி, கொசுவலை, மற்றவை

திரைச்சீலைக்குச் சாயமிடாத கைத்தறிக் காடா போதும். சன்னல் கம்பியின் நீளத்தைப் போல இரு மடங்கு அகலத்திற்குத் துணி எடுத்து, தைப்பதற்கு முன்பே ஒருமுறை துவைத்துச் சுருக்கிவிடுங்கள். தரைக்கு நீலமும் வெள்ளையும் பட்டை போட்ட பவானி ஜமுக்காளம் ஒன்று போதும். குப்பைக் கூடைக்கும் துணிக் கூடைக்கும் பனை ஓலைப் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

பலரும் பழைய மீன்வலையைச் சுவரில் தொங்கவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை: தூசி சேரும், எத்தனை முறை அலசினாலும் மழைநாளில் கவிச்சை கிளம்பும். அந்த இடத்தில் வெள்ளைப் பருத்திக் கொசுவலையைத் தொங்கவிடுங்கள். மூங்கில் பத்தையை அறுபது சென்டிமீட்டர் வட்டமாக வளைத்துக் கட்டி, வலையின் உச்சியை அதில் பரப்பித் தைத்து, கட்டிலின் நடுவுக்கு மேல் கூரைக் கொக்கியில் தொங்கவிட்டால், கடற்காற்று வரும்போதெல்லாம் அது பாய்மரம் போலப் புடைக்கும், கொசுவும் வராது. மின்விசிறி நேர் மேலே இருந்தால் இது சரிப்படாது. நான்கு மூலைக் கழிகளில் கட்டும் வலைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்த பின், விருந்தினர் வருவதற்கு முன் ஓர் இரவு நீங்களே அந்த அறையில் படுத்துப் பாருங்கள். நான் படுத்தபோதுதான், படுத்த இடத்திலிருந்து விளக்குச் சுவிட்ச் எட்டவில்லை என்பதும், ஈரத்துண்டைப் போட ஒரு கொக்கிகூட இல்லை என்பதும், கிளிஞ்சல் சரம் நள்ளிரவுக் காற்றில் கண்ணாடியில் மோதித் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதும் தெரிந்தது. சரத்தைச் சன்னலிலிருந்து ஒரு முழம் தள்ளி மாட்டினேன். கதவுக்குப் பின்னால் மூன்று மரக்கொக்கிகள் வந்தன.

ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும் தலைமாட்டுப் பலகையைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, இளவெயிலில் அரைநாள் வைத்து எடுங்கள். உச்சிவெயிலில் வைத்தால் சாயம் வெளுக்கும். சுவரில் கறை பட்ட இடத்தில் மட்டும் மிச்சச் சுண்ணாம்பை ஒரு கை பூசிவிடலாம். அதற்காகவே கொஞ்சத்தை மூடியுள்ள டப்பாவில், மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி எடுத்து வைத்திருங்கள்.